கடல் என்றால் மூன்று

உப்பளத்தில் டிகிரி பார்ப்பது என் வேலை. அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஈயக் குண்டுகள், மேலே பூஜ்ஜியம் முதல் முப்பது வரை கோடுகள். நீளமான தகரக் குவளையில் தண்ணீரை மொண்டு குழாயை அதில் விட்டால், உப்பு கூடக் கூடக் குழாய் உயர்ந்து நிற்கும். தண்ணீரின் மட்டம் எந்தக் கோட்டில் தொடுகிறதோ அதுதான் டிகிரி. காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. வரப்பில் நடந்து பாத்தி பாத்தியாகப் பார்த்து, மடை திறக்கிறவரிடம் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் கேட்பார், நான் சொல்வேன். அதற்கு மேல் பேச்சு வேண்டாத வேலை. பத்தாம் வகுப்போடு நின்ற என் படிப்புக்கும், ஆளைக் கண்டால் ஒதுங்குகிற என் சுபாவத்துக்கும் பொருந்திப் போனது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

பாத்திக்குள் வரும் கடல் தண்ணீர் மூன்றில் நிற்கும். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அது பத்தாகும், பதினைந்தாகும், இருபதாகும். இருபத்தைந்தில் உப்பு உட்காரத் தொடங்கும். இருபத்தொன்பதில் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவோம். எங்கள் எல்லோருடைய கண்ணும் இருபத்தைந்தின் மேல்தான் இருக்கும். மூன்று என்பது வெறும் தொடக்கம். மடைக்காரர் "எத்தன?" என்று கேட்டு, நான் "கடல்தான்" என்று சொன்னால் மூன்று என்று அர்த்தம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் குனிந்து பார்த்ததில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஈத்தாமொழிப் பக்கம் தம்பியின் வீட்டில் இருக்கிறேன். தம்பி வெளிநாட்டில் ஏசி பழுது பார்க்கிறவன். நடுவில் மூன்று வருடம் வேலை இல்லாமல் ஊரில் இருந்தான். அப்போது வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, மீன் வளர்த்தான். இரண்டு கோமாளி மீன்கள். அவை புகுந்து கிடப்பதற்கு ஒரு கடல் சாமந்தி. அது பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. பாறையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும். மீன்கள் செத்தால் வேறு வாங்கலாம், சாமந்தி பிழைத்து நிற்பதுதான் கஷ்டம் என்பான். ஊரில் சும்மா இருந்த அந்த மூன்று வருடத்தில் அவன் செய்ததாகக் காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

மறுபடி வேலை கிடைத்துப் புறப்படும்போது, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள் தம்பி மனைவி.

"அந்த எடத்துல ஒரு தையல் மிஷின் போட்டா நாலு சட்ட தச்சிருவேன். இதுக்கு கரண்டும் பாத்து, காத்தும் பாத்து, சவத்த நான் என்னத்துக்கு கட்டி அழணும்?"

"நீ பாக்க வேண்டாம். அக்கா பாத்துக்கிடுவா. உப்புத் தண்ணியப் பத்தி அவளுக்குத் தெரியாததா?"

"செத்துப் போச்சுன்னா?"

தம்பி தொட்டியைப் பார்த்தான். "நான் ஜூன் மாசம் லீவுல வருவேன். அதுக்குள்ள சாமந்தி செத்திட்டுன்னா எடுத்திருவோம். மிஷின் போடு. உயிரோட இருந்துன்னா தொட்டி இருக்கட்டும். செரியா?"

அவள் சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

புறப்படுவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டி, "இந்தக் கோடு வரைக்கும், அவ்வளவுதான்" என்றான். இது எனக்குப் புதிதல்ல. தண்ணீர் போய் உப்பு நிற்பதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரைச் செம்பில் பிடித்து முதல் தடவை தொட்டியில் ஊற்றியபோது கை கூசியது. உப்பளத்தில் நல்ல தண்ணீர் என்றால் மழை. பத்து நாள் காய்ந்த பாத்தியை அரை மணி நேர மழை கெடுத்துவிடும். என் கையாலேயே மழை பெய்விப்பது மாதிரி இருந்தது. சில நாளில் பழகிவிட்டது.

உப்பு எவ்வளவு என்று பார்க்க ஓர் அளவுகோல் வைத்திருந்தான். கண்ணில் வைத்துப் பார்ப்பது. ஒரு முனையில் சாய்வான கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சேருகிற கோடு முப்பத்தைந்தில் தெரியும். முப்பத்தைந்து என்றால் கடல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நான் பார்த்து வைப்பேன். தம்பி போனில் கூப்பிடுவான்.

"எத்தனக்கா?"

"முப்பத்தஞ்சு."

"கொள்ளாம், நல்லாருக்கு."

பிப்ரவரி முடிவில் அந்த அளவுகோல் என் கையிலிருந்து நழுவி மொசைக் தரையில் விழுந்தது. சாய்வுக் கண்ணாடியில் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. உள்ளே பார்த்தால் ஒரே நீலம். தம்பி மனைவி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு, "என்ன விழுந்துது மைனி?" என்றாள். "ஒண்ணுல்ல, கரண்டி" என்றேன். அளவுகோலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். கடையில் கேட்டு வேறு வாங்கியிருக்கலாம். கடைக்காரரிடம் அந்த நீளமான இங்கிலீஷ் பெயரைச் சொல்லி நிற்பதை நினைத்தபோதே வேண்டாம் என்று தோன்றியது. அதோடு, என்னிடம்தான் டிகிரி பார்க்கிற குழாய் இருக்கிறதே என்று நினைத்தேன். உப்பளத்திலிருந்து பழைய குழாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

தொட்டித் தண்ணீரில் விட்டேன். மூன்றில் நின்றது. மூன்று என்றால் கடல். கடல் என்றால் முப்பத்தைந்து. அடுத்த ஞாயிறு தம்பி கேட்டபோது முப்பத்தைந்து என்றேன். அது பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறியது. தொட்டி சூடாகக் கூடாது என்று மேலே இரண்டு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குறையும். நான் வேலைக்குப் போகுமுன் டேப் வரைக்கும் ஊற்றிவிடுவேன். தொட்டியின் விளிம்பிலும், மூடியிலும், பம்பிலிருந்து வரும் குழாயிலும் தண்ணீர் தெறித்துக் காய்ந்து உப்புப் பூக்கும். உப்பைக் கண்டால் வாருகிற கை என்னுடையது. ஒரு பழைய கரண்டியால் தினமும் சுரண்டி, ஒரு டப்பாவில் சேர்ப்பேன். விளிம்பு பளபளவென்று இருக்கும். தம்பி இருந்த காலத்தில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

தொட்டிக்குப் பின்னால் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கிற கருவி ஒன்று உண்டு. நுரை மேலேறி ஒரு கிண்ணத்தில் விழும். கிண்ணம் நிறைந்தால் கொட்ட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவன் இருந்தபோது வாரத்துக்கு ஒரு தடவைதான் நிறையும், காப்பி டிக்காஷன் மாதிரி கறுப்பாக இருக்கும். இப்போது தினமும் நிறைந்தது, வெறும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில். நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிண்ணத்துத் தண்ணீரையும் டப்பாவில் சேர்த்த உப்பையும் கொல்லையில் நிற்கும் தென்னையின் மூட்டில் கொட்டினேன். தென்னைக்கு உப்பு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. உப்பைச் சாக்கடையில் கொட்ட மனம் வராது.

ஏப்ரல் கடைசியில் சாமந்தி சிறுத்தது. விரித்த கை அளவுக்கு இருந்தது, பொத்திய கை அளவுக்கு வந்தது. விரல்கள் குட்டையாகி, நடுவில் வாய் திறந்தே கிடந்தது. மீன்கள் அதற்குள் போகாமல் பம்பின் பக்கத்தில் ஒரு மூலையில் நின்றன. தினமும் பார்ப்பதால் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் சொன்னது தம்பி மனைவி.

"மைனி, அந்தப் பூவுக்கு என்னமோ பத்தலல்லா?"

"வெயிலுக்கா இருக்கும்."

"எனக்கென்ன, செத்தா மிஷின் வரும்." அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். "ஆனாலும் வாயத் தொறந்துக்கிட்டு கெடக்கத பாத்தா என்னமோ போல இருக்கு."

அந்த ஞாயிறு தம்பி வீடியோவில் வந்தான். போனைத் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னான். நான் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிற கோணத்தில் பிடித்தேன்.

"ஒண்ணும் தெரியலையே. சுருங்கின மாதிரி இருக்கு. உப்பு எத்தன?"

"முப்பத்தஞ்சு."

"செரி. அப்போ அது இல்ல. நீ பாத்துக்கிடுவ."

போனை வைத்த பிறகு குழாயைத் தொட்டித் தண்ணீரில் மறுபடி விட்டேன். மூன்று. முதல் தடவையாக மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். மூன்றுதான். ஆனால் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று சொல்ல முடியவில்லை. இருபத்தைந்தைப் பார்க்கச் செய்த குழாய் அது. அதில் மூன்றும் நான்கும் ஒரு நெல் மணி இடைவெளியில் இருந்தன. தம்பியின் அளவுகோலில் பத்துக் கோடாகத் தெரிவது என் குழாயில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு மாதமாக நான் எதையும் அளக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

உப்பு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. காயவைத்துப் பார்ப்பது. தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர், நல்ல கடல் தண்ணீர் ஒரு லிட்டர். உப்பளத்துக்கு வரும் தண்ணீர் மணக்குடிக் காயல் வழியாக வருவது, ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கும். அது உதவாது. வெளிக் கடலின் தண்ணீர் வேண்டும்.

குளச்சலிலிருந்து ஒரு மீன்காரி ஸ்கூட்டரில் வருவாள். பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் எலக்ட்ரானிக் தராசு. அவளுடைய வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறவர். அவளிடம் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் சாளை வாங்கினேன். இரண்டாம் நாளும் சாளை வாங்கினேன். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்.

"என்னக்கா, மூணு நாளா சாளையே வேங்குதிய, பின்ன போகாம நிக்குதிய. என்ன சங்கதி?"

"கொஞ்சம் கடல் தண்ணி வேணும்."

"கடலு வெள்ளமா? காலு வலிக்கா? சூடாக்கி ஊத்தினா கேக்கும்."

"காலுக்கு இல்ல. ஒரு லிட்டர் போதும். துறைமுகத்துக்குள்ள எடுக்காண்டாம், டீசல் மிதக்கும். வெளிய போகும்போது..."

"கடலு வேணும், அதும் நல்ல கடலா வேணுமாக்கும்!" என்று சிரித்தாள். மறுநாள் ஒரு குப்பி நிறையக் கொண்டு வந்தாள்.

ஒரே செட்டில் இரண்டு பெரிய எவர்சில்வர் தட்டுகளை எடுத்து மொட்டை மாடியில் வைத்தேன். ஒன்றில் கடல், ஒன்றில் தொட்டி. மேலே கொசுவலைத் துணி. இரண்டு சின்னப் பாத்திகள். முதல் நாள் மாலையில் ஓரங்களில் வெள்ளை படர்ந்தது. மூன்றாம் நாள் மதியத்தில் இரண்டும் காய்ந்தன. முழுக்கக் காயாது என்பது எனக்குத் தெரியும். கசப்பு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் அதே ஈரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு காகிதங்களில் சுரண்டி மடித்து மீன்காரிக்காகக் காத்திருந்தேன்.

"இத எடை போடணும்."

அவள் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். "மீன்காரிகிட்ட உப்பு எடை போட வந்த மொத ஆளு நீங்கதான். இது என்ன, மந்திரமா?"

"இல்ல, தொட்டி உப்பு."

கடல் காகிதம் நாற்பது கிராம் காட்டியது. தொட்டிக் காகிதம் முப்பது. அந்தத் தராசு ஐந்து கிராமுக்குக் கீழே காட்டாது. ஆனாலும் அது போதும். தொட்டியில் உப்பு நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

தண்ணீர் தினமும் டேப்பில் நின்றது. ஆவியில் உப்பு போகாது. பிறகு எங்கே போனது? படியில் உட்கார்ந்து யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே தென்னை மூட்டில் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தினமும் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரும், ஒரு பிடி உப்பும். இரண்டு மாதம். தொட்டியில் அது குறைந்த இடத்தை நான் தினமும் நல்ல தண்ணீரால் நிரப்பியிருக்கிறேன். ஆவியானதற்கு மட்டும் ஊற்ற வேண்டியதை, வாரியதற்கும் கொட்டியதற்கும் சேர்த்து ஊற்றியிருக்கிறேன்.

தம்பி மனைவியிடம் சொன்னேன். அளவுகோல் உடைந்ததையும் சேர்த்து. அவள் கொல்லையை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ கரண்டி இல்ல, அதான் விழுந்துது."

"ம்."

"இந்தத் தடவ தேங்கா கொள்ளாம் போல காய்க்கும்." சிரிக்காமல் சொன்னாள். பிறகு, "உப்பளத்துலதானே வேல பாக்குதிய. ரெண்டு கிலோ உப்பக் கொண்டு வந்து போட்டா தீந்துது" என்றாள்.

"அது ஆகாது. நாம வாருத உப்பு வெறும் உப்பு. கசப்புத் தண்ணிய வெளிய விட்டிருவோம்லா? கடல்ல அதுவும் சேந்துதான் இருக்கு. அது இல்லாம இந்தச் சாமந்திக்கு ஆகாது."

அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியது கிடையாது. அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. தம்பி செய்யக் கூடாது என்று சொன்னதை, கொஞ்ச நாளைக்குச் செய்வது. தினமும் ஆவியாகும் மூன்று லிட்டருக்கு நல்ல தண்ணீருக்குப் பதிலாகக் கடல் தண்ணீர். ஒரே நாளில் ஏற்றினால் சாமந்தி தாங்காது. தினமும் மூன்று லிட்டர் என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். தம்பி வர நான்கு வாரம் இருந்தது. மீன்காரி இரண்டு நாளைக்கு ஒரு கேன் கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் வலை போடுகிற இடத்தில் மொண்ட தண்ணீர். நான் துணியில் வடிகட்டி ஊற்றினேன். நுரைக் கருவியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து, கிண்ணத்தில் மறுபடியும் கறுப்பாக விழும்படி வைத்தேன். விளிம்பில் பூக்கும் உப்பை விரலால் வழித்துத் தண்ணீருக்குள்ளேயே தள்ளினேன். உப்பை வாராமல் உள்ளே தள்ளுவது, முதலில் நல்ல தண்ணீர் ஊற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வேலைக்குப் புறப்படும்போது சாமந்தி பாறையில் இல்லை. பிடியை விட்டு, ஒரு ஈரத் துணி உருண்டை மாதிரி அடியில் உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டம் அதைப் பம்பின் வாய்ப்பக்கம் இழுத்தது. பம்பில் மாட்டினால் அது கிழிந்து, தண்ணீர் முழுக்கக் கெட்டு, மீனும் போய்விடும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். பம்பை நிறுத்தினேன். நிறுத்தியபடியே விட்டால் மீனுக்குக் காற்று இல்லை. அன்று உப்பளத்துக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சலுக்கு எடுத்த லீவு தவிர நான் லீவு போட்டதில்லை. மடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"என்ன, மேலுக்கு செரியில்லியா?"

"இல்ல, சாமந்தி..."

"சாமந்தியா? தோட்டமா போட்டிருக்கிய?"

"ஆமா" என்று வைத்துவிட்டேன்.

மீன்காரி வந்ததும் அவளிடம் ஒரு துண்டு வலை கேட்டேன். பழைய நைலான் வலை, பொடிக் கண். அவளே உள்ளே வந்தாள். அதுவரை அவள் வாசலைத் தாண்டி வந்ததில்லை. தொட்டிக்கு முன்னால் நின்று, "இதுக்கா இத்தன பாடு? வலையில வந்தா தூக்கி வெளிய எறியுத சாதனம்லா இது" என்றாள். ஆனாலும் முழங்கை வரை கையை விட்டு, பம்பின் வாயில் வலையைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுத் தந்தாள். என் முடிச்சாக இருந்தால் அவிழ்ந்திருக்கும். பம்பை ஓடவிட்டோம். சாமந்தி வலையில் வந்து மோதி நின்றது, மாட்டவில்லை.

மூன்று நாள் அது இடம் பிடிக்காமல் அலைந்தது. தம்பி மனைவி காலையில் எழுந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தாள். "இருக்கு" என்பாள், அல்லது "இன்னும் சாகல" என்பாள். நான்காம் நாள் அது முன்பக்கக் கண்ணாடியில், கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டது. பாறைக்குப் போகவில்லை. வாய் மூடியிருந்தது. ஒரு வாரம் கழித்து, உளுந்து அளவு இறால் துண்டை வைத்தேன். விரல்கள் பைய மடங்கி அதை எடுத்துக்கொண்டன.

அந்த ஞாயிறு தம்பி கேட்டான். "எத்தனக்கா?"

"பாத்துச் சொல்லுதேன்" என்றேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். அவன் மேலே கேட்கவில்லை.

மே கடைசியில் மறுபடி இரண்டு தட்டுகளை மாடியில் வைத்தேன். வெயில் குறைந்து சாரல் தொடங்கியிருந்ததால் காய ஐந்து நாள் ஆனது. நடுவில் தூறியபோது தம்பி மனைவி ஓடிப்போய் இரண்டையும் உள்ளே எடுத்து வைத்தாளாம், அவளாகவே. மீன்காரியின் தராசில் நாற்பது, நாற்பது. அன்று முதல் கடல் தண்ணீரை நிறுத்தி, செம்பில் நல்ல தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன்.

தம்பி வந்தான். பெட்டியை வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டியின் முன் உட்கார்ந்தான். சாமந்தி மூலையில் விரிந்திருந்தது. பழைய அளவில் பாதி இருக்கும். மீன்கள் இரண்டும் அதற்குள் இருந்தன.

"சின்னதா போச்சு. இங்க ஏன் வந்துது?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அந்த அளவுகோல எடு, பாப்போம்" என்றான்.

நான் எழுந்திருப்பதற்குள் தம்பி மனைவி சொன்னாள். "அது ஒடஞ்சு போச்சு. நான் தொடைக்கும்போது கை தட்டி விழுந்திட்டு. ஏசாதிய."

நான் அவளைப் பார்த்தேன். அவள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். சாமந்தி உயிரோடு இருக்கிறது, உப்பு சரியாக இருக்கிறது. அளக்காமல் விட்ட அந்த இரண்டு மாதத்தை எந்த அளவுகோலும் காட்டாது. ஆனால் அவன் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான்.

"நான்தான் போட்டு ஒடச்சேன்" என்றேன். "பிப்ரவரியில. அதுக்கப்புறம் உனக்கு சொன்ன முப்பத்தஞ்சு எல்லாம் அளக்காம சொன்னது."

மிச்சத்தையும் சொன்னேன். குழாய், மூன்று, கரண்டி, தென்னை, தட்டு. அலமாரியிலிருந்து நான்கு காகித மடிப்புகளையும் கொண்டு வந்து வைத்தேன். தம்பி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான்.

"நான் ஒண்ணு சொன்னா, மைனி ஒண்ணு சொல்லுதாவ" என்றாள் தம்பி மனைவி. "நானும் இனி ஒருத்தருக்காவயும் பொய் சொல்ல மாட்டேன்."

"விளிம்புல வாற உப்ப உள்ளதான் தள்ளணும்னு உனக்கு நான் சொல்லல்லியா?" என்று தம்பி கேட்டான்.

"சொல்லல."

"சொல்லியிருக்கணும்." அவன் காகிதங்களை மடித்தான். "உப்பளத்துக்காரிக்கு உப்ப வாராதேன்னு சொல்லணும்னு தோணாமப் போச்சு." பிறகு மனைவியிடம், "ஏட்டி, செத்தா எடுக்கலாம்னுதான் பேச்சு. சிறுத்தா எடுக்கலாம்னு பேச்சு இல்ல" என்றான்.

"நான் எடுக்கச் சொன்னேனா?" என்றாள் அவள். "மிஷின அடுத்த அறையில போட்டுக்கிடுவேன். ஆனா ஒண்ணு, வெளிய உள்ள தென்னைய நீங்க பாத்தியளா? ஓலைய பாருங்க, என்ன பச்ச."

பதினைந்து நாளில் தம்பி திரும்பிப் போனான். போகுமுன் புது அளவுகோல் ஒன்றை வாங்கி, கழுத்தில் மாட்டுவதற்கு அதில் ஒரு கயிறு கட்டித் தந்தான். ஞாயிறுதோறும் பார்க்கிறேன். முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து என்கிறேன், முப்பத்துநாலரை என்றால் அதைச் சொல்கிறேன். சாமந்தி இன்னும் அந்த மூலையிலேயே இருக்கிறது. பாறைக்குத் திரும்பவில்லை.

மழை முடிந்து உப்பளத்தில் மறுபடி கடல் தண்ணீர் விட்ட முதல் நாள், மடைக்காரர் வரப்பில் நின்று வழக்கம்போலக் கேட்டார்.

"எத்தன?"

நான் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆனது.

"மூணுக்குக் கொஞ்சம் கொறவு."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கொறவுன்னா?"

"ரெண்டே முக்கால் இருக்கும். ஆத்துத் தண்ணி கலந்திருக்கு."

"கடல்தான்னு சொல்லிட்டுப் போவியளா, அத விட்டு முக்கால், காலுன்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே மடையை அடைக்கப் போனார். நான் அடுத்த பாத்திக்கு நடந்தேன்.